பக்கத்துப் பள்ளி

பிள்ளைகள் குறைந்துபோன இரண்டு கிராமப் பள்ளிகளை ஒன்றாக்கலாமா? 2019-இல் தமிழகத்தில் ஒருவர்கூடப் படிக்காத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. அது வேறு. பத்துப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிற பள்ளியை என்ன செய்வது?

தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்ட விதி. நம் ராமநாதபுரம் கரையோரத்தில் அந்த ஒரு கிலோமீட்டர், கால் புதையும் மணலும் சீமைக்கருவேலமுமாக இருக்கும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா பாசி எடுக்கப் போயிருப்பார். ஆறு வயதுப் பிள்ளையை யார் கூட்டிப்போவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு.

அப்துல் கலாம் சின்ன வகுப்புகளை ராமேஸ்வரத்திலேயே படித்தார். பெரிய வகுப்புக்குத்தான் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போனார். அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஊரிலேயே இருக்கட்டும். விளையாட்டு, கணினி ஆசிரியர்களை இரண்டு பள்ளிகளும் பகிர்ந்துகொள்ளட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிகளை ஒன்றாக்குவதென்றால், ஆணை வருமுன் வேன் வரட்டும்.