முதல் வகுப்புக் கட்டணமும் முதல் தர உணவும்



ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலும், அதனை அடுத்த சயான் கோலிவாடா, வடாலா பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப் பயணம் என்பது எளிய செயலன்று. மும்பையிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கல்யாண், புணே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என நீளும் இப்பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாளை விழுங்கிவிடும். நாகர்கோவில் வரை செல்வோர் இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழிக்க வேண்டும். இக்குடும்பங்களில் பயணத்திற்கு முதல் நாள் இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கப்படும்; புளிச்சோறு கிளறப்படும். இது நெடுநாளைய வழக்கம். ஆனால் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் பெற்றவர்களும் கட்டுச்சோற்றையே நம்பிச் செல்கிறார்களே, அது ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கட்டணம் எதை வாங்கித் தருகிறது?

முதல் வகுப்புக் கட்டணம் அகலமான படுக்கையையும், கதவடைத்துக்கொள்ளும் அறையையும், தூய விரிப்பையும் தருகிறது. எல்லா வண்டிகளிலும் அது உணவைத் தருவதில்லை. 1969 ஆம் ஆண்டு மார்ச் திங்களில் ஹவுராவுக்கும் புது டெல்லிக்கும் இடையே முதல் ராஜ்தானி வண்டி ஓடத் தொடங்கியது. 1972 ஆம் ஆண்டில் மும்பைக்கும் அவ்வசதி கிட்டியது. இவ்வண்டிகளில் கட்டணத்தோடு உணவும் சேர்க்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு முதல், உணவு வேண்டாதவர் அதனை விலக்கிப் பயணச்சீட்டு பெறவும் வழி செய்யப்பட்டது. ஆனால் மும்பைக்கும் சென்னைக்கும் இடையே ராஜ்தானி வண்டி இல்லை. இப்பாதையில் மெயில் அல்லது எக்ஸ்பிரஸ் வண்டியில் முதல் வகுப்பில் செல்பவரும், மூன்றடுக்குப் படுக்கையில் செல்பவரும், வண்டியில் கிடைக்கும் ஒரே உணவைத்தான் விலைக்கு வாங்கி உண்கின்றனர்.

இரு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை விலைப்பட்டியலே காட்டும். 2019 நவம்பரில் ரயில்வே வாரியம் நிர்ணயித்த விலையின்படி, ராஜ்தானியின் முதல் வகுப்பில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 245 ரூபாய். அதே வண்டியின் இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளில் 185 ரூபாய். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவச் சாப்பாட்டுக்கு 80 ரூபாய்.

விலை உயர்ந்தால் தரமும் தானே உயருமா? உயரும் என்று சொல்வதற்கில்லை. 2017 ஆம் ஆண்டு அக்டோபரில், கோவாவின் கர்மாலியிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த தேஜஸ் வண்டியில் காலைச் சிற்றுண்டி உண்ட பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் உடல்நலம் குன்றினர். அவர்கள் சிப்லூண் நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு மே திங்களில்தான் அவ்வண்டி புத்தம் புதிய வசதிகளோடு தொடங்கி வைக்கப்பட்டிருந்தது. உயர்ந்த கட்டணமும் புதிய பெட்டியும் மட்டுமே பயணியின் வயிற்றைக் காப்பதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

கைமாறிய பொறுப்பு

ரயில் உணவின் வரலாறு, பொறுப்பு கைமாறிய வரலாறே எனலாம். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்திய நிலையங்களில் ஸ்பென்ஸர் நிறுவனமும், மும்பையை மையமாகக் கொண்ட ஜி.ஐ.பி. ரயில்வேயில் பிராண்டன் நிறுவனமும் உணவுச்சாலைகளை நடத்தின. 1930 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மும்பைக்கும் புணேக்கும் இடையே ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் வண்டியில் உணவருந்தும் பெட்டி பெயர் பெற்றது. 2022 ஆம் ஆண்டில் புதிய பெட்டிகள் இணைக்கப்பட்டபோதும் அவ்வுணவுப் பெட்டி கைவிடப்படவில்லை. அங்கே சமைப்பவருக்கும் உண்பவருக்கும் இடையே இருப்பது சில அடித் தொலைவுதான்.

விடுதலைக்குப் பின்னர், ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அளகேசன் தலைமையில் 1954 ஆம் ஆண்டில் ஒரு குழு இத்துறையை ஆராய்ந்தது. அதன் பயனாக ரயில்வே துறையே நேரடியாக உணவு வழங்கும் முறை தொடங்கியது. 1999 ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் கொள்கை இப்பணியை அக்கழகத்திடம் ஒப்படைத்தது. 2010 ஆம் ஆண்டின் கொள்கை அதில் பெரும்பகுதியை மீண்டும் மண்டல ரயில்வேக்களிடம் திருப்பியது. 2017 ஆம் ஆண்டின் கொள்கை மறுபடியும் கழகத்திடம் சேர்த்தது. ஒரு சமையற்கூடத்தைக் கட்டி, பணியாளரைப் பழக்கி, நற்பெயர் ஈட்டுவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அடுப்பை மூட்டியவரே அதனைத் தொடர்ந்து நடத்துவாரா என்பது நிச்சயமில்லாத நிலையில் எவர் முதலீடு செய்வார்?

இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் இக்குறையைச் சுட்டினார். 74 நிலையங்களிலும் 80 வண்டிகளிலும் ரயில்வே அலுவலர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், குழாய் நீரைத் தூய்மை செய்யாமலேயே பானங்களில் பயன்படுத்தியமை, குப்பைத் தொட்டிகளை மூடாமை, உணவை ஈக்களிடமிருந்து காவாமை, பயணிக்கு ரசீது தராமை ஆகியவை கண்டறியப்பட்டன.

அடுப்புக்கும் தட்டுக்கும் இடையே

சமைத்த உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைத்திருத்தல் வேண்டும். இவற்றிற்கு இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சோறு இதில் தனிக் கவனம் கோருவது. வேகவைத்த பின்னரும் அழியாத சில நுண்ணுயிர் வித்துகள் அதில் தங்கும். வெதுவெதுப்பான நிலையில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்நச்சு மீண்டும் சுட வைப்பதால் நீங்காது.

ஒரு நிலையத்தை அடுத்த சமையற்கூடத்தில் பொட்டலமிடப்பட்ட உணவு, வண்டி தாமதமாக வந்தால் நடைமேடையிலேயே காத்திருக்கும். பாண்ட்ரி எனப்படும் சமையல் பெட்டிக்கு ஏறிய பின்னரும் பெட்டி பெட்டியாகப் பயணப்படும். முதல் வகுப்புப் பெட்டி சமையல் பெட்டிக்கு வெகு தொலைவில் அமைந்துவிட்டால், கூடுதல் கட்டணம் செலுத்தியவரே கடைசியில் ஆறிய சோற்றை உண்ண நேரும். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகும்போது உணவும் இரண்டு மணி நேரம் முதுமை அடைகிறது. அதனை மதிப்பிட்டு விலக்கி வைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே வினா.

இதற்கு நேர்மாறான காட்சியை ஆண்டாப் ஹில் வாசிகள் அருகிலுள்ள மாட்டுங்காவில் நாள்தோறும் காண்கின்றனர். அங்குள்ள உணவுச்சாலைகளில் அடுப்பிலிருந்து இலைக்கு வரும் நேரம் சில நிமிடங்களே. இன்று சாம்பார் புளித்திருந்தால் வாடிக்கையாளர் நாளை வேறு கடைக்குச் சென்றுவிடுவார். ஓடும் வண்டியிலோ பயணிக்கு வேறு கடை இல்லை. பரிமாறியவர் அவரை மறுபடியும் காணப் போவதுமில்லை. மிகுந்த உரிமக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் பெற்றவர், அதனை அளவைக் குறைத்தோ தரத்தைக் குறைத்தோ ஈடுசெய்ய முற்படும் வாய்ப்பு இங்கேதான் பிறக்கிறது.

செய்ய வேண்டுவன

நாளொன்றுக்குச் சராசரியாக 16 லட்சத்திற்கும் மேற்பட்ட உணவுகளை ரயில்வே வழங்குகிறது. புகார்கள் மிகக் குறைந்த விழுக்காடே என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது. இப்பெரும் பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், இறங்க வேண்டிய நிலையம் நெருங்கும்போது புகார் எழுத எவருக்கும் பொழுதிருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. புகாரின் எண்ணிக்கை ஓர் அளவுகோல் மட்டுமே. பாதி உண்டு ஒதுக்கப்பட்ட தட்டுகளின் எண்ணிக்கை அதனினும் நேர்மையான அளவுகோல்.

2017 ஆம் ஆண்டின் கொள்கை, சமைக்கும் பணியையும் பரிமாறும் பணியையும் பிரித்தது. பொட்டலங்களில் சமையற்கூடத்தின் பெயரையும் பொட்டலமிட்ட நாளையும் அறிவிக்கும் குறியீடுகள் அச்சிடப்படலாயின. ரசீது தராவிடில் உணவு இலவசம் என்றும் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில், வட்டார உணவுகளையும், நீரிழிவு நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் உரிய உணவுகளையும் பட்டியலில் சேர்க்கக் கழகத்திற்கு அதிகாரம் தரப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பும் முதியவருக்கு, தித்திப்பில்லாத தேநீரும் குழைந்த சோறும் மோரும் ஆடம்பரமல்ல; அவை அவருடைய மருந்தின் ஒரு பகுதி.

இனிச் செய்ய வேண்டுவன மூன்று. பொட்டலத்தில் நாளை மட்டுமன்றி, சமைத்த மணியையும், உண்ண வேண்டிய இறுதி மணியையும் வெறுங்கண்ணால் படிக்கும்படி அச்சிட வேண்டும். வண்டி தாமதமானால் பழைய உணவை விலக்கி, அடுத்த சமையற்கூடத்திலிருந்து புதிய உணவு பெறும் அதிகாரம் வண்டி மேற்பார்வையாளருக்கு இருக்க வேண்டும். அதன் செலவு அவர்மீது விழலாகாது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது உரிமக் கட்டணத்தின் தொகையை மட்டுமன்றிப் பயணிகளின் மதிப்பீட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பயணிக்கும் கடமை உண்டு: ரசீது கேட்டுப் பெறுவதும், குறை கண்டால் 139 என்ற எண்ணில் உடனே தெரிவிப்பதும் அவருடைய பங்கு.

இவற்றுள் எதுவும் முதல் வகுப்புக்கு மட்டும் உரியதன்று. ஒரே சமையல் பெட்டியிலிருந்து எல்லோருக்கும் உணவு செல்லும் வண்டியில், முதல் வகுப்பின் தரத்தை மட்டும் தனியே உயர்த்த இயலாது. அடுப்பின் தரம் உயர்ந்தால் கடைசிப் பெட்டி வரை உயரும். ஆண்டாப் ஹில் குடும்பங்கள் பழக்கத்தினாலும் விருப்பத்தினாலும் புளிச்சோறு கட்டட்டும். அச்சத்தினால் கட்ட நேராத நாளே ரயில் உணவு முதல் தரத்தை எட்டிய நாளாகும்.