விலையும் விடுதலையும்

(திண்டிவனத்தில் தமிழன்பர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பெற்ற தலைப்பு 'கணினியில் தமிழ்' என்பது. அது கடல். அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொண்டு பேச எண்ணுகிறேன். சென்ற திங்கள் விழுப்புரத்தில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, இலினக்சு எவர்க்கும் உரியது, விலையின்றிக் கிடைப்பது என்று நீங்களே சொன்னீர்கள். ஆனால் சில இலினக்சு வழங்கல்களுக்குக் காசு கேட்கிறார்களே! விடுதலை என்று சொல்லிவிட்டுக் காசு கேட்பது ஏமாற்று இல்லையா?" என்றார். அன்று நேரமின்மையால் சுருக்கமாக விடை கூறினேன். இன்று சற்று விரித்துக் கூறுகிறேன்.

முதியோர் பலர் இங்கே இருப்பதால் முதலில் ஒரு சொல். கணினியை இயக்குகின்ற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோசு அத்தகையது, இலினக்சும் அத்தகையது. இலினக்சின் கருவை எடுத்து, எழுதுவதற்கும் வரைவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் வேண்டிய மென்பொருள்களை அதனோடு சேர்த்துக் கட்டி உலகுக்குத் தருகிறார்கள். அந்தக் கட்டுக்கு வழங்கல் என்று பெயர். தெபியன், உபுண்டு, பெதோரா என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இணையத்திலிருந்து விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். சிலவற்றுக்கு விலை உண்டு.

அந்த இளைஞரின் குழப்பம் அவருடையதன்று; ஆங்கில மொழியினுடையது. ஆங்கிலத்தில் 'பிரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். 1983 செப்தம்பர் 27 அன்று குனு என்னும் திட்டத்தை அறிவித்த அமெரிக்க நிரலர் இரிச்சர்டு சுடால்மன், அன்று தொட்டு இந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லியே களைத்தார். பேச்சுரிமையையும் மதுவையும் எடுத்துக்காட்டி, 'நான் சொல்வது முன்னது, பின்னதன்று' என்று நாடுதோறும் விளக்க வேண்டியதாயிற்று. தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு விலை வேறு சொல். விடுதலை வேறு சொல். 'கட்டற்ற மென்பொருள்' என்று நம் இளைஞர்கள் ஆக்கிய சொல்லில் காசைப் பற்றிய பேச்சே இல்லை. கட்டு இல்லை என்றுதான் அது சொல்கிறது. இவ்வளவு தெளிவான மொழியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

அப்படியானால் எந்தக் கட்டு இல்லை? எந்த வேலைக்கும் அந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதன் மூலநிரலைத் திறந்து பார்த்துக் கற்கலாம், திருத்தலாம். படியெடுத்து அடுத்தவர்க்குத் தரலாம். திருத்திய வடிவத்தையும் தரலாம். இந்த நான்கு உரிமையும் இருந்தால் அது கட்டற்றது. அதைத் தருபவர் காசு வாங்கினாரா இல்லையா என்பது இந்த நான்கில் ஒன்றன்று. சுடால்மனே தாம் எழுதிய ஈமாக்சு என்னும் மென்பொருளை 1985-இல் நாடாவில் பதிந்து 150 தாலருக்கு விற்றார். அதை வைத்துத்தான் வாழ்ந்தார். வாங்கியவர் அதைப் படியெடுத்துப் பத்துப் பேர்க்குக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்ட்சு இலினக்சின் கருவை முதன்முதல் வெளியிட்டபோது, 'இதற்கு எவரும் காசு வாங்கக்கூடாது' என்றே கட்டளை எழுதியிருந்தார். கேட்பதற்கு எவ்வளவு உயர்வாக இருக்கிறது! ஆனால் அந்த உயர்ந்த கட்டளையே இலினக்சு பரவுவதற்குத் தடையாயிற்று. நெகிழ்வட்டில் படியெடுத்து அடுத்தவர்க்கு அனுப்புபவன் வட்டுக்கும் அஞ்சலுக்கும் ஆன செலவைக்கூடக் கேட்கக் கூடாதென்றால் எத்தனை பேர்க்கு அனுப்புவான்? 1992-இல் தோர்வால்ட்சு அந்தக் கட்டளையை விலக்கிக் குனுவின் பொது உரிமத்தை மேற்கொண்டார். அதன் பிறகுதான் இலினக்சு உலகெங்கும் பரவியது.

நம் பக்கத்தையே எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில் இருந்துகொண்டு ஒரு வழங்கலை இணையத்தில் இறக்க முடியுமா? இணைய மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு. தொலைப்பேசிக் கம்பிவழி வரும் இணைப்போ நத்தை. சென்னைக்குப் போய் இரிச்சித் தெருவில் படியெடுத்த குறுவட்டை விலைக்கு வாங்கி வருவதுதான் வழி. அல்லது கணினி இதழோடு வரும் வட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கடைக்காரன் வாங்கிய காசு கொள்ளையன்று. நம் ஊர்வரை பொருளைக் கொண்டுவந்த கூலி. 2004-இல் உபுண்டு வந்தது. அதை வெளியிட்ட கனோனிக்கல் நிறுவனம் எழுதிக் கேட்டவர்க்கெல்லாம் குறுவட்டை அஞ்சல் செலவும் வாங்காமல் உலகெங்கும் அனுப்பியது. 2011-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திக்கொண்டது. நமக்கு விலையில்லை, ஆனால் அந்தச் செலவை ஒருவர் ஏற்றார். விலையில்லாப் பொருள் என்று உலகில் ஒன்றுமில்லை. விலையை வேறொருவர் செலுத்திய பொருள்தான் உண்டு.

இன்றைக்கும் பதிவிறக்கம் முற்றும் விலையற்றதன்று. உபுண்டுவின் அளவு இப்பொழுது ஏறத்தாழ 6 கிகாபைட்டு. நாளொன்றுக்கு ஒன்றரைக் கிகாபைட்டு தருகின்ற கைப்பேசித் திட்டத்தை நம்பியிருக்கும் சிற்றூர் மாணவன் அதை இறக்க நான்கு நாளாகும். அந்த நான்கு நாளும் வேறொன்றுக்கும் பயன்படுத்த முடியாது. இங்கேதான் படியெடுக்கும் உரிமையின் அருமை விளங்கும். ஒருவர் இறக்கினால் போதும். ஒரு விரலியில் ஏற்றி ஊருக்கே கொடுக்கலாம். விழுப்புரத்தில் குனு இலினக்சுப் பயனர் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஊர்ப்புற மாணவர்க்குக் கூலி வாங்காமல் கணினி கற்பிக்கிறார்கள். இயங்குதளத்தை நிறுவித் தருகிறார்கள். அரசியல் கூட்டத்துக்குச் சேர்கின்ற கூட்டம் இவர்களுக்குச் சேர்வதில்லை. ஆனாலும் செய்கிறார்கள்.

அன்பர்களே, நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த மண் எது? இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் இருக்கின்ற கிடங்கில், ஓய்மாநாட்டு வேந்தன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய நூல் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் கொடை பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வறுமையோடு வரும் மற்றொரு பாணனைக் கண்டு, 'இன்ன வழியே போ, இன்னானிடம் போ, நான் பெற்றதை நீயும் பெறுவாய்' என்று ஆற்றுப்படுத்துவது. பெற்றதை மூடி மறைத்துக்கொண்டு போகாமை அங்கே ஒழுக்கம். அதோடு நின்றதா? பாணன் வெறுங்கையோடு போய் வாங்கி வந்தானா? யாழைக் கொண்டு போனான்; பாட்டைக் கொடுத்துத்தான் பரிசில் பெற்றான். காசு இல்லாதவனும் கொடுக்கத்தக்கது ஒன்று வைத்திருந்தான். கட்டற்ற மென்பொருளின் முறையை எனக்கு எந்த மேனாட்டு நூலும் இதைவிட நன்றாக விளக்கவில்லை.

ஆனால் உலகம் பாணனைப் போல நடந்துகொள்கிறதா? இல்லை. எலிமெண்டரி என்றொரு வழங்கல். அதன் பதிவிறக்கப் பக்கத்தில், விரும்பிய விலையைக் கொடுத்துப் பெறலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் கொடாமலும் பெறலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்க்கும் மேல் ஒன்றும் கொடாமலே இறக்கிக்கொண்டனர். 2015-இல் அதன் ஆக்கியோர் வாய்திறந்து, கொடாமல் எடுப்பது ஏய்ப்பு என்னும் பொருள்பட எழுதினார்கள். உலகம் அவர்கள்மேல் சீறியது. அவர்கள் சொன்ன சொல் தவறு. உரிமம் தந்த உரிமையைப் பயன்படுத்தியவனை ஏய்த்தவன் என்னக் கூடாது. ஆனால் அவர்கள் வயிறு பொய் சொல்லவில்லை.

இன்னொன்று கேளுங்கள். வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் இணையத்தில் களவு போகாமல் காக்கின்ற ஓப்பனெசெசெல் என்னும் மென்பொருள் உலகின் பெரும்பாலான வழங்கிகளில் இருந்தது. கோடி கோடியாய் ஈட்டும் நிறுவனங்களெல்லாம் அதை விலையின்றி எடுத்துக்கொண்டன. அதற்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 தாலர். முழு நேரமும் அதிலேயே உழைத்தவர் ஒரே ஒருவர். 2014 ஏப்பிரலில் அதில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டு உலகமே நடுங்கிய பிறகுதான் பெருநிறுவனங்கள் பையைத் திறந்தன. பத்தாண்டு கழித்து, 2024 மார்ச்சில், எக்சுசெட்டு என்னும் மற்றொரு மென்பொருளில் ஒருவன் கள்ளவாயில் வைத்தது கண்டுபிடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் தனியொருவராய் அதைப் பேணிக் களைத்துப் போனவர்க்கு உதவுவதுபோல நடித்துத்தான் அவன் உள்ளே நுழைந்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரெட்ஆட்டு நிறுவனம் இலினக்சு வழங்கலை நிறுவனங்களுக்கு ஆண்டுக் கட்டணத்துக்குத் தருகிறது. அது விற்பது பழுது பார்க்கும் பொறுப்பை. அதை ஐபிஎம் நிறுவனம் 2019-இல் 3,400 கோடி தாலருக்கு வாங்கியது. அந்த வணிகத்தின் எச்சம் நமக்கும் வந்தது: 2004-இல் இரெட்ஆட்டு பொது உரிமத்தில் வெளியிட்ட இந்திய எழுத்துருக்களில் தமிழெழுத்துருவும் ஒன்று. அதற்கு 'இலோகித்' என்று பெயர் வைத்தார்கள். வடமொழியில் சிவப்பு என்று பொருளாம். பெயர் வடமொழியாயினும் எழுத்து தமிழ். பல்லாண்டுகள் இலினக்சில் தமிழ் படித்தவரெல்லாம் அதில்தான் படித்தார்கள். அதற்கு நாம் ஒரு காசும் கொடுக்கவில்லை.

இங்கே நம்மைப் பற்றிச் சிறிது கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்க. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, உலகெங்கும் சிதறியிருந்த தமிழிளைஞர் சிலர் இரவெல்லாம் விழித்திருந்து இலினக்சின் திரைச்சொற்களைத் தமிழாக்கினார்கள். கோப்பு, சாளரம், அடைவு என்று இன்று நாம் எளிதாய்ச் சொல்லும் சொற்கள் கணினித் திரையில் ஏறியதில் அவர்கள் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்க்கு ஊதியம் கொடுத்தவர் எவரும் இல்லர். படித்து முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், இல்லறம் ஏற்றார்கள், பணி தளர்ந்தது. இன்று தமிழைத் தேர்ந்தெடுத்து ஒரு வழங்கலைத் திறந்தால், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரை பல்லிளிக்கிறது. புதிய பதிப்பு வரவரப் புதிய சொற்றொடர்கள் சேரும். பெயர்ப்பவர் இல்லையென்றால் ஆங்கிலமே நிற்கும். இது பகைவர் செய்த சூழ்ச்சியன்று. நாம் விலையின்றி எடுத்துக்கொண்டதன் விளைவு.

தனித்தமிழ் இதழ்கள் எத்தனை நின்றுபோயின என்று இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். பகையால் நின்றவை சில. ஓர் இதழைப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்துப் பாராட்டி, கட்டணம் மட்டும் கட்டாமல் விட்டதால் நின்றவை பல. கைமாற்றிப் படித்தது குற்றமன்று. இதழ் பரவ அதுதான் வழி. பத்துப் பேரில் இருவராவது கட்டியிருக்க வேண்டும்.

அரசின் செய்தியும் இதுவே. சென்னையிலுள்ள சி-தாக்கு நிறுவனம் தெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் பாசு என்னும் வழங்கலை வெளியிட்டது. அதில் தமிழ் உண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோசோடு பாசும் இடம்பெற்றது. நான் கண்ட மாணவருள் அதைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. கற்பிக்க ஆசிரியர்க்குப் பயிற்சி இல்லை. தமிழை நிரப்ப ஆளில்லை. கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கே மாறின. இரண்டு நூறாயிரம் கணினிகளில் தங்கள் வழங்கலை நிறுவியதால் 3,000 கோடி உருபா மிச்சம் என்று அம்மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் 2019-இல் கணித்தது. அவர்கள் செலவே செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உரிமத்துக்குப் போகவேண்டிய காசைத் தங்கள் ஆசிரியரின் பயிற்சிக்கும் தங்கள் மொழிக்கும் திருப்பினார்கள்.

ஆதலால் அந்த இளைஞர்க்கு என் விடை இது. மாணவனே, உழவனே, கூலித் தொழிலாளனே, நீ கூச்சமின்றி விலையின்றி இறக்கிக்கொள்; அது உன் உரிமை. திருட்டு விண்டோசைப் போடாதே. எவனோ பூட்டிய வீட்டில் களவாய்க் குடியிருப்பதை விட உன் வீட்டில் நிமிர்ந்திரு. கல்லூரிகளே, அச்சகங்களே, கடைகளே, கணினியால் காசு ஈட்டுபவர்களே, நீங்கள் விலை கொடுங்கள். நிறுவித்தரும் இளைஞனுக்குக் கூலி கொடுங்கள். ஆக்கியோர்க்கு ஆண்டுக்கொரு முறையேனும் நன்கொடை அனுப்புங்கள். காசில்லாதவர் சொல்லைக் கொடுங்கள். மயிலத்தில் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இடையே பேருந்தில் அரை மணி. தமிழ் படித்தவர்க்கு நிரல் தெரியாது, நிரல் படித்தவர்க்குப் புணர்ச்சி தெரியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் எவ்வளவோ ஆகும்.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் விழுப்புரத்துத் தோழர்கள் கணினியோடு இருப்பார்கள். விரலி கொண்டுவந்தவர்க்கு வழங்கலைப் படியெடுத்துத் தருவார்கள். விரலி இல்லாதவர்க்கு அடக்க விலைக்கு அவர்களிடமே கிடைக்கும். பெயர்க்கப்படாத சொற்றொடர்கள் சிலவற்றைத் தாளில் எடுத்து வைத்திருக்கிறார்கள். போகும்போது ஆளுக்குப் பத்து வாங்கிச் செல்லுங்கள். அடுத்த திங்கள் தமிழாக்கிக் கொண்டுவாருங்கள்.