அளமியமும் ஈயமும்



மிதிவண்டி தள்ளிவந்த பழம்பொருள் வாணிகன் "ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிய குரலைக் கேளாத தெரு தமிழ்நாட்டில் அரிது. அவன் கூவியது ஈயம். பெண்டிர் கொணர்ந்து போட்டவையோ பெரும்பாலும் நசுங்கிய அலுமினியக் குண்டான்கள்!

ஈயம் என்பது இரண்டு மாழைகளுக்குரிய பழம்பெயர். ஒன்று காரீயம், நஞ்சுடையது, குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. மற்றொன்று வெள்ளீயம், பித்தளை ஏனங்களுக்கு உட்பூச்சாவது, மிளகுசாறு வைக்கும் ஈயச்செம்பாவது. இவ்விரண்டோடும் உறவில்லாத மூன்றாம் மாழை அப்பெயருக்குள் புகுந்தது எங்ஙனம்? பெயர் சூட்ட வேண்டிய கற்றோர் வாளா இருந்தனர். மக்கள் கையில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிக்கொண்டனர். குற்றம் மக்களுடையதன்று. ஆனால் விளைவைப் பாருங்கள்: "ஈயம் நஞ்சு" என்று கேட்ட ஒரு தாய் அலுமினியக் குண்டானைத் தூக்கி எறிந்துவிட்டு, காரீயம் கலந்த போலி ஈயச்செம்பை அடுப்பிலேற்றினால், அவளை யார் தடுப்பது? சொற்குழப்பம் ஈண்டு வயிற்றுக்குள் இறங்குகின்றது!

அலுமினியம் என்னும் சொல்லுக்குத்தான் பொருள் என்ன? இலத்தீனத்தில் 'அலுமென்' என்பது சீனக்காரம். மழித்த முகத்தில் தேய்க்கும் அந்தத் துவர்ப்புக் கட்டி. ஆங்கில அறிஞர் அம்பிரி டேவி 1808-இல் 'அலுமியம்' என்றார். 1812-இல் தாமே 'அலுமினம்' என்றார். பிறர் அதனை 'அலுமினியம்' ஆக்கினர். இன்றும் அமெரிக்கர் ஒன்றும் ஆங்கிலர் ஒன்றுமாக வழங்குகின்றனர். பெயரிட்டவரே மாற்றிய பெயரைத் தமிழன் மட்டும் தொடலாகாது என்பது எந்த அறிவியல்?

'அளமியம்' என எழுதுவோர் உளர். அளம் என்பது உப்பு விளையும் நிலம். சீனக்காரமும் ஓர் உப்பே. இலத்தீனச் சொல்லுக்கு இதுவே வேர் என்று சாதிக்க வேண்டுவதில்லை. ஒலியொப்புமை மட்டும் வேர்ச்சான்று ஆகாது. தமிழ் நாவிற்கு இசைந்து, தமிழ்ப்பொருளும் ஒருசார் தோன்ற நிற்கின்றதே, அது போதும்.

நிலவுலகின் மேலோட்டில் எடையளவில் ஏறத்தாழ 8 விழுக்காடு அளமியம். அங்குள்ள மாழைகளுள் இதுவே மிகுதி. ஆயினும் உயிர்வளியோடு இறுகப் பிணைந்து கிடப்பதால் பிரித்தல் அரிதாயிற்று. 1884-இல் வாசிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்கத்தக்க அருமைப் பொருளாய் இருந்தது. 1886-இல் அமெரிக்கரான ஆலும் பிரெஞ்சியரான எரூவும் தனித்தனியே மின்னாற் பிரிக்கும் முறை கண்டபின் விலை வீழ்ந்தது. 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் சாட்டர்டன் என்பார் இதில் ஏனம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தூணுச்சியிலிருந்து அடுப்புக்கு இறங்க ஆனவை 14 ஆண்டுகளே!

பின்னர், 1965 முதல் மேட்டூரிலேயே இதனைப் பிரித்தெடுத்தனர். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் கனிமண் கொடுத்தன. 2008-இல் அவ்வுலை நின்றது. தமிழ்மலையின் மண், தமிழ்நாட்டுக் கைகள், ஆலை வாயிலில் மட்டும் அயற்பெயர்!

ஒரு தொன் அளமியம் பிரிக்க ஏறத்தாழ 14,000 அலகு மின்னாற்றல் வேண்டும். பழையதை உருக்கி வார்க்க, அதில் இருபதில் ஒரு பங்கே போதும். பேரீச்சம்பழக்காரனை இகழ்வோர் இக்கணக்கை அறிக.

இரும்பின் எடையில் மூன்றிலொரு பங்கே உடையது. 660 பாகை வெப்பத்தில் உருகுவது. செம்புக்கு அடுத்து மின்கம்பிக்கு உகந்தது. நெடுந்தொலைவு மின்தடங்களில் எஃகு நடுவிருக்க, இது சுற்றி முறுக்கப்படுகின்றது. காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய படலம் இதன்மேல் படிந்து, உள்மாழையைக் காக்கின்றது. ஆதலின் இரும்பைப்போல் துரு அரித்துத் தின்பதில்லை. ஆனால் புளியும் உப்பும் அப்படலத்தை அரிக்கும். மாழை குழம்பில் கரையும். சோறு வடிக்கலாம், நீர் காய்ச்சலாம். புளிக்குழம்பை இதில் வைத்து மறுநாள் வரை மூடிவைத்தல் ஆகாது. அதற்கு மண்சட்டியே தகும்.