உண்டியும் உறையுளும்



பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதி ஆற்றுப்படைகள் என்பது நாம் அறிந்ததே. அவற்றுள் நான்கு, பரிசில் பெற்று வரும் கலைஞன் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழிகூறுவதாக அமைந்தவை. வள்ளலின் புகழைப் பாடுவதோடு அவை நின்றுவிடவில்லை. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்திலே சுட்ட மீன், ஆமூரிலே நண்டுக் கறியோடு சோறு என ஊர்தோறும் உணவு குறிக்கப்படுகின்றது. வழிப்போக்கன் முதலில் அறிய வேண்டியவை உண்டியும் உறையுளும் என்பதை அப்புலவர்கள் நன்குணர்ந்திருந்தனர். இன்று நான் கூறப்போவதும் அத்தகைய ஓர் எளிய வழிகூறலே. வழி, சுவிற்சர்லாந்துக்கு.

2024 வைகாசியில், அங்குள்ள தமிழ்ப் பள்ளியொன்றின் பேச்சுப்போட்டிக்கு நடுவராகச் சென்று ஒன்பது நாள்கள் தங்கினேன். விமானச் சீட்டை அழைத்தவர்கள் தந்தார்கள். ஏனையவை என் பொறுப்பு. ஒரு பிராங் முந்நூறு ரூபாவைத் தாண்டி நின்ற காலம் அது. சாதாரண உணவகமொன்றில் ஒரு வேளைச் சாப்பாடு இருபது, இருபத்தைந்து பிராங்குக்குக் குறையாது. கல்லூரி ஆசிரியரொருவரின் சம்பளத்தில் அது என்ன பங்கு என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அந்த விலை ஏன் என்பதையும் அறிதல் நன்று. அங்கே பொருளின் விலையிலும் மனித உழைப்பின் விலை அதிகம். ஜெனீவா மாநில மக்கள் 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், மணிக்கு 23 பிராங்கைக் குறைந்தபட்சக் கூலியாக ஏற்றுக்கொண்டனர். சமைப்பவர், பரிமாறுபவர், கோப்பை கழுவுபவர் அனைவரது கூலியும் நம் தட்டிலே சேர்ந்துதான் வருகின்றது. எண்பதுகளில் அங்கே போய்ச் சேர்ந்த நம்மவர்களுள் எத்தனையோ பேர் கால் பதித்தது அத்தகைய சமையற்கூடங்களிலேதான். ஆதலால் விலையைப் பார்த்து முகஞ்சுளிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்திலே நம்மவர் பலர் கூறும் ஒரு வழியுண்டு. "அங்கே சொந்தக்காரர் இருக்கினம்தானே, பிறகென்ன செலவு?" என்பார்கள். செலவு குறைந்ததாக நாம் நினைப்போம். உண்மையில் அது கைமாறியிருக்கும், அவ்வளவே. விசா விதியைப் பாருங்கள். சொந்தச் செலவில் வருபவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பிராங் காட்ட வேண்டும். காட்ட இயலாதவிடத்து, அழைப்பவரிடம் 30,000 பிராங் வரையான பொறுப்புறுதி கேட்கப்படலாம். விருந்தாளிக்கு நோய் வந்தாலும், அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும், வரும் செலவுக்கு ஒப்பமிட்டவரே பதில் சொல்ல வேண்டும்.

சூரிச்சிலே என் பெரியம்மாவின் மகன் இருக்கிறான். உணவகமொன்றில் சமையல் வேலை. நான் போனதும் எனக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தான். குடும்பத்தோடு ஊருக்கு வருவதற்கென்று சேர்த்து வைத்திருந்த விடுப்பு அது. மூன்றாம் நாள் நான் பெட்டியைக் கட்டியபோது அவன் முகம் வாடிவிட்டது.

"அண்ணை, என்ர வீடு இருக்கக் காசு குடுத்துத் தங்கப் போறியளோ?"

"விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டு உன்ர அம்மாதானே சொல்லுவா, தம்பி. மிச்சம் என்ர பாடு."

சற்று நேரம் பேசாமல் இருந்தவன், பின்னர் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்தான்.

மிச்ச நாள்களுக்கு இளைஞர் விடுதிகளை நாடினேன். பெயர்தான் இளைஞர் விடுதி. நரைத்த தலைகளும் அங்கே உண்டு. சங்க உறுப்பினர் அல்லாதோர் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பலர் கூடிப் படுக்கும் அறையில் ஒரு கட்டில் எடுத்தால் வாடகை வெகுவாகக் குறையும். படுக்கை விரிப்பும் காலை உணவும் அதற்குள் அடக்கம். சிலவற்றில் நாமே சமைக்க அடுக்களையும் உண்டு. பாசல் நகரில் தங்குவோருக்கு, தங்கும் நாள்களில் ட்ராமிலும் பேருந்திலும் இலவசமாகச் செல்ல ஓர் அட்டை தருகிறார்கள். கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

உணவுக்கு வருவோம். 2024 தை முதல் உணவகத்தில் அமர்ந்து உண்பதற்கு வரி நூற்றுக்கு 8.1, கடையில் வாங்கிச் செல்லும் உணவுக்கு 2.6. உட்காரும் கதிரைக்கே தனி வரி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆகவே பாணும் பாற்கட்டியும் பழமும் வாங்கி, ஏரிக்கரை வாங்கிலே அமர்ந்து உண்டேன். அந்நாட்டவரும் பக்கத்து வாங்குகளில் அவ்வாறே உண்டுகொண்டிருந்தார்கள். மிக்ரோ என்னும் பெருங்கடை, 1925ஆம் ஆண்டு டுட்வைலர் என்பவரால் ஐந்து லொறிகளோடு தொடங்கப்பட்டது. அவை அன்று விற்றவை ஆறே பொருள்கள்: கோப்பி, அரிசி, சீனி, மாப்பண்டம், தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் விற்பதே நோக்கம். இன்றும் அங்கே மலிவுப் பொருள்களுக்குத் தனி வரிசை உண்டு. கடை மூடும் வேளையில் அன்றைய உணவுகளிற் சிலவற்றைப் பாதி விலைக்கும் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டு. பெரிய ரயில் நிலையக் கடைகளே துணை. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையேயில்லை. சூரிச் நகரில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் உள்ளன. குடிக்கலாகாது என்ற அறிவித்தல் இல்லாதவிடத்துத் தாராளமாகப் பருகலாம். ஒரு வெற்றுப் போத்தல் போதும். ஊரிலிருந்து உணவு கொண்டு போவோர் ஒன்றை நினைவிற் கொள்க: இறைச்சியும் பாற்பொருள்களும் நம் நாட்டிலிருந்து கொண்டு செல்ல அனுமதியில்லை. நெய்ப்போத்தல் வீட்டிலேயே நிற்கட்டும்.

எல்லாவற்றையும் மிச்சம் பிடிக்க வேண்டுமா? இல்லை. புறப்படும் முன்னாள் மாலை, தம்பியையும் அவன் மனைவி பிள்ளைகளையும் உணவகமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். பாணும் பாற்கட்டியும் மிச்சம் பிடித்துத் தந்த காசு அதற்குப் போதுமாயிருந்தது. அங்கே பரிமாறுபவரின் சேவைக்கூலி 1974 முதல் விலையிலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் தம்பி மேசையிலே சில நாணயங்களை வைத்தான். தன் தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை அது.

பருத்தித்துறையிலே தெருமூடி மடத்தின் கீழ் நடந்தவர்களுக்குத் தெரியும்: வழிப்போக்கனுக்கு நிழலும் திண்ணையும் வைத்தவர்கள் நம் முன்னோர். நீரூற்றும் பொது விடுதியும் வைத்த ஊர்களும் அந்த மரபைச் சேர்ந்தவையே. வெளிநாடு செல்லும் நேயர்கள் முதலில் அவற்றைத் தேடிக் கொள்ளுங்கள். உறவினர் வீட்டுக் கதவை மூன்று நாள் மகிழ்ச்சிக்காகத் தட்டுங்கள்.