சிறு பத்திரிகையும் அச்சுப் பேயும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



இவ்வூர் வாலிபர்கள் சிலர் சேர்ந்து வீட்டுத் தோட்டத்தைப் பற்றி ஒரு சிறு பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறார்களாம். அதைக் குறித்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். நான் பண்டிதனுமல்ல, பெரிய பத்திராதிபனுமல்ல. ஆனால் இதே காரியத்தைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த ஒரு யோக்கியதையில்தான் இங்கு நிற்கிறேன்.

பணமில்லாதவன் பத்திரிகை நடத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாய் நடத்தலாம். அமெரிக்காவில் இப்படி ஆசைக்காகப் பத்திரிகை அச்சிட்டவர்கள் 1876-லேயே பிலடெல்பியாவில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். 1930-ல் விஞ்ஞானக் கதைகளில் மோகங்கொண்ட வாலிபர்களின் கடிதச் சங்கம் ஒன்று ‘தி காமெட்’ என்னும் ஏட்டை வெளியிட்டது. நம் நாட்டிலோ கையெழுத்துப் பத்திரிகை என்று ஒரே பிரதியை எழுதி வீடு வீடாய்க் கைமாற்றிப் படித்தார்கள். பிறகு ஸ்டென்சிலும் சைக்ளோஸ்டைலும் வந்தன. இப்போது கணினியும் தெருமுனையில் நகல் எடுக்கும் கடையும் இருக்கின்றன. ஆகவே கஷ்டம் பணத்தில் இல்லை. நாலு பக்கம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போதும். மாதம் தவறாமல் வருவோம் என்று முதல் இதழில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினவர்களின் இரண்டாவது இதழை நான் அதிகம் பார்த்ததில்லை.

நிற்க, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து உங்களைப் போலவே ஒரு தோட்டப் பத்திரிகை போட்டோம். இலை வெளுத்த செடிக்கு யூரியாக் கரைசல் தெளிப்பதைப் பற்றி நான் எழுதினேன். 100 கிராம் யூரியாவை 10 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டுமென்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தது 1 லிட்டர். ஒரு சுழி விழுந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டுரையைப் பிரதி எடுத்துக் கொடுத்த நண்பர் தலைப்பில் பிள்ளையார் சுழியை மறக்காமல் போட்டிருந்தார். வேண்டிய சுழியைத்தான் விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு நெசவுத் தொழிலாளி கையில் கருகிய கத்தரி இலைகளோடு வந்தார். கொல்லையில் நாற்பது செடி வைத்திருந்தாராம். வீட்டுக் கறியும் அதுதான், மிஞ்சியதைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சில்லறை பார்ப்பதும் அதில்தான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “அச்சில் போட்டிருந்தீர்களே, அதனால் சந்தேகப்படவில்லை, தோழரே” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உடனே என்னோடிருந்தவர்கள், இது அச்சுப் பேயின் வேலை என்றார்கள். தோழர்களே! ஊரில் ஒருவனுக்கு ஜுரம் வந்து, பேய் பிடித்தது என்று சொன்னால் நாம் சிரிக்கிறோம். நம் பத்திரிகையில் பிழை வந்தால் மாத்திரம் பேய் வந்துவிடுகிறது! அங்கே பேயுமில்லை, பிசாசுமில்லை. புரூப்பை நான்தான் பார்த்தேன். எழுதியவனே பார்த்தால், காகிதத்தில் உள்ளதைப் படிப்பதில்லை, தன் மனதில் உள்ளதைப் படித்துக்கொண்டு போகிறான். என் கண் அந்த 1-ஐப் பார்த்தது. மனம் 10 என்று வாசித்தது.

ஆதலால் எழுதியவன் கையில் கடைசிப் புரூப்பைக் கொடுக்காதீர்கள். ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூப்பில் விரல் வைத்துப் பார்த்து வரட்டும். எண்களை மட்டும் தனியே இன்னொரு தரம் பாருங்கள். பெரிய எழுத்துத் தலைப்பில் பிழை இராதென்று எண்ண வேண்டாம்; எல்லோரும் அப்படி எண்ணுவதனால்தான் அங்கே பிழை நிலைத்துவிடுகிறது. ஒரு வார்த்தையைத் திருத்தினால் அந்தப் பாராவை முழுதும் மறுபடி படியுங்கள். கணினி திருத்திவிடும் என்கிறார்கள். அதற்கு 1-ம் சரியான எண்தான், 10-ம் சரியான எண்தான். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. எது வேண்டுமென்பது எழுதினவனுக்கல்லவா தெரியும்?

1631-ல் இங்கிலாந்து அரசரின் அச்சுக்காரர்களான ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூகாஸ் என்ற இருவர் பைபிளை அச்சிட்டார்கள். விபசாரம் கூடாது என்கிற கட்டளையில், மறுப்பைக் காட்டும் ‘நாட்’ என்ற ஒரே சொல் விழுந்துவிட்டது. கட்டளை விபசாரம் செய் என்றாகிவிட்டது! அரசர் கோபங்கொண்டார், 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. கடவுள் வாக்கு என்று சொல்லப்பட்ட புத்தகத்துக்கே கடவுள் வந்து புரூப் பார்க்கவில்லை. நம்முடைய கத்தரிச் செடிக்கா வரப்போகிறார்?

எழுத்துக்கோக்கிறவர் சிரமத்தையும் நினைக்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் தமிழுக்கு அறைகள் ஏராளம். கை மாறி விழுவது சகஜம். 1935-ல் பெரியார் ‘குடிஅரசி’ல் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் உருவத்தை மாற்றி அச்சிட்டதற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம். சர்க்கார் அதை ஏற்றுக்கொள்ள 1978 ஆயிற்று.

பிழை வந்தே தீர்ந்தால் என்ன செய்வது? அடுத்த இதழில் கடைசி மூலையில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். பிழை எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ, அந்தப் பக்கத்தில் அந்த அளவில் திருத்தத்தைப் போடுங்கள். நாங்கள் முதல் பக்கத்திலேயே போட்டோம். நாற்பது நாற்றும் வாங்கிக் கொடுத்தோம். அந்த நெசவுத் தோழர்தான் இரண்டாவது இதழிலிருந்து எங்களுக்குப் புரூப் பார்த்தார். எண் வருகிற இடத்திலெல்லாம் என்னை நிறுத்தி, “இதை இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்பார், நானும் சொல்லுவேன்.