ஏகபோகமும் சிறு வணிகமும்
(மயிலாப்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



மயிலை மாடவீதிகளிலும் தியாகராய நகரிலும் சிறு கடை நடாத்தும் நம்மவர், "கைப்பேசி வழியே பெருநிறுவனங்கள் எங்கள் கொள்முதல் விலையினுங் குறைத்து விற்கின்றன, யாங்கள் எங்ஙனம் பிழைப்பது?" என வினவுகின்றனர்.

இவ்விடர் புதிதன்று. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார்கள். ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து, முடிவில் இலவசமாக ஏற்றிக் குடையும் ஈந்தனர். 1908-இற் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். 1911-இற் கம்பெனி கலைக்கப்பட்டது. மலிவு கண்டு மகிழ்ந்த பயணிகட்குச் சுதேசிக் கப்பல் இல்லாதொழிந்தது.

அன்று அதனைத் தடுக்கச் சட்டமில்லை. இன்றோ 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் உளது. சந்தையில் மேலாதிக்கமுற்ற நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கொடு அடக்கவிலைக்குக் கீழ் விற்றலை அது தடுக்கின்றது. வணிகர் சங்கமும் போட்டி ஆணையத்தின்பால் முறையிடலாம். ஆயினும் மேலாதிக்கமும், அடக்கத்தினுங் குறைந்த விலையும் நிலைநாட்டப்படல் வேண்டும், புலம்பல் சான்றாகாது. ஆதலின் கொள்முதற் சீட்டுகளைப் பேணுக. அந்நிறுவனங்களின் விலைகளை நாடோறும் குறித்து வைக்க.

மற்றொன்று: நாமே கூடி ஒரே விலை கட்டுதலும் அச்சட்டத்திற்கு மாறே. நம் ஒற்றுமை முறையீட்டிற்கு உதவுக, விலை கட்டுதற்கன்று.

தாய்மார்களே! தெருமுனைக் கடை மூடியபின் விலை ஏறின் அதனைத் தடுப்பார் யாரென எண்ணி வாங்குமாறு வேண்டி அமைகின்றேன்.