சிலம்பியின் இயல்பும் வளர்ப்போர் கடமையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்தது அடி அண்ணாமலை. இங்கே கூடியிருக்கும் கவிஞர் அவைக்குச் சிலந்தி புதிய பொருளன்று. பழம்புலவர் அதனைச் சிலம்பி என்றனர். கவிதையில் அது பெரும்பாலும் வலை விரித்துக் காத்திருக்கும் வஞ்சகனுக்கு உவமையாக வருகிறது. இவ்வுரை எடுத்துக்கொண்டதோ அவ்வுவமைக்குள் அடங்காத ஒரு சிலந்தி. அது இரை பிடிக்க வட்டவலை பின்னுவதில்லை. மரப்பொந்திலோ மண்வளையிலோ தான் சுரந்த நூலால் உட்சுவர் அமைத்து, வாயிலில் அமர்ந்து, நிலத்தின் அதிர்வைக் கேட்டிருக்கிறது. உடலெங்கும் மயிர் அடர்ந்த அச்சிலந்தியை உலகோர் டரான்டுலா என்கின்றனர். இலங்கைத் தமிழர் அதன் ஒருவகையைப் புலிமுகச் சிலந்தி என்று வழங்குகின்றனர்.

டரான்டுலா என்ற பெயரே ஒரு பிழையின் வழிவந்தது. இத்தாலியின் தென்பகுதியிலுள்ள தாரந்தோ நகரைச் சார்ந்து அப்பெயர் எழுந்தது. அங்கு அப்பெயரைப் பெற்றது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஓநாய்ச் சிலந்தி. அது கடித்தால் நஞ்சு இறங்கும்வரை ஆடவேண்டும் என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையோடு ஓர் ஆட்டமும் இசையும் வளர்ந்தன. பின்னர் ஐரோப்பியர் அமெரிக்காவில் கண்ட பெரிய மயிர்ச் சிலந்திகளுக்கு அப்பெயரைச் சூட்டினர். கடிக்காத கடிக்கு ஆடிய ஆட்டத்தின் பெயர், அதில் பங்கில்லாத உயிருக்கு நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டிற்கும் இவ்வுயிருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. மரப்பொந்தில் வாழும் பொய்சிலோதேரியா என்னும் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. அதில் ஏறத்தாழ 15 இனங்கள் அறியப்பட்டுள்ளன. 1899-இல் பிரிட்டிஷ் அறிஞர் போகாக் அவற்றுள் பலவற்றை முதன்முதலாக விவரித்தார். அவர் விவரித்த ரெகாலிஸ் இனத்திற்குரிய ஊர்களுள் ஒன்று அரக்கோணம். ஃபார்மோசா இனத்திற்குரிய ஊர் சேலத்தை அடுத்த காடையாம்பட்டி. 2004-இல் இராமேசுவரத்தில் ஓர் அனுமன் கோயிலைச் சார்ந்த தோப்பில் கண்ட இனத்திற்கு, ஆண்ட்ரூ ஸ்மித் என்பார் அக்கோயிலின் பெயரையே இட்டு ஹனுமவிலாசுமிகா என்று வழங்கினார். கோயில் தோப்பு காத்த உயிர், கோயிலின் பெயரையே தாங்கி அறிவியலேட்டில் இடம்பெற்றது.

அண்டை மாநிலமான ஆந்திரத்தின் கதை வேறுவகையில் கருதத்தக்கது. குத்தி என்னும் இரயில் சந்திப்பின் மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியைக் கொண்டு மெட்டாலிகா என்ற இனத்தை 1899-இல் போகாக் விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அது எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. குத்திக்கு அது விறகோடு இரயிலேறி வந்திருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. மீண்டும் கண்ட சில ஆண்டுகளுக்குள் அதன் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்போர் பெட்டிகளில் இடம்பெற்றன. பிறந்த காட்டிலோ அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நீலம் சாயத்தால் வந்ததன்று. மயிரின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று.

வளர்ப்போர் முதலில் கேட்கும் வினா, இச்சிலந்தி சாதுவா, சினமுடையதா என்பது. வினாவிலேயே பிழை இருக்கிறது. சினம் என்பது பிறர்மேல் எழும் உணர்வு. டரான்டுலாவிற்குக் கண்கள் எட்டு இருந்தும் பார்வை மிகக் குறைவு. வளர்ப்பவரின் முகம் அதற்குத் தெரியாது. குரலால் அவரை அடையாளம் காணாது. ஆண்டுக்கணக்கில் உணவிட்டாலும் அன்பென்று ஒன்று அதனிடம் பிறப்பதில்லை. காலிலும் உடலிலும் உள்ள மயிர்கள் வழியே அது உலகை அறிகிறது. காற்றின் சிறு அசைவும் தரையின் சிறு நடுக்கமும் அதற்குச் செய்தி. அச்செய்திகளை அது மூன்றாகப் பகுத்துக்கொள்கிறது எனலாம்: உண்ணத் தக்கது, இணை சேரத் தக்கது, தன்னை உண்ண வருவது. மனிதனின் கை பெரும்பாலும் மூன்றாம் வகையிலேயே சேரும்.

அக்கையைக் கண்டு அது செய்வனவற்றிலும் ஒரு முறை உண்டு. முதற்கண் அசையாது ஒடுங்கும். அடுத்துப் பொந்துக்குள் ஓடும். ஓட வழியில்லையாயின் முன்கால்களை உயர்த்தி, நச்சுப் பற்களைக் காட்டி நிமிரும். ரெகாலிஸ் இனத்தின் முன்கால்களின் அடிப்புறம் பளிச்சிடும் மஞ்சள் நிறமானது. கால் தூக்கியவுடன் அந்நிறம் எச்சரிக்கைக் கொடியாகும். அதையும் மீறி அணுகினால் கால்களால் அறையும். கடிப்பது இறுதி. கடிபட்டவர் பெரும்பாலும் முன்னர்க் கூறிய நிலைகளைக் கவனியாதவராகவோ, அவை நிகழ இடங்கொடாமல் திடீரெனக் கைவைத்தவராகவோ இருப்பர்.

பிறந்த நிலத்திற்கேற்பக் குணமும் வேறுபடுகிறது. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இனங்கள் பலவற்றின் வயிற்றில் சுணைமயிர் உண்டு. அச்சுறுத்தப்பட்டால் பின்காலால் தேய்த்து அம்மயிரைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். இந்தப் படைக்கலம் இருப்பதால் அவை ஓட்டத்திலும் கடியிலும் சற்று மந்தமானவை. இந்திய, ஆப்பிரிக்க இனங்களுக்குச் சுணைமயிர் இல்லை. ஆகவே விரைவையும் நஞ்சையுமே அவை நம்பியிருக்கின்றன. பொய்சிலோதேரியா கடித்தால் கடும் வலியோடு தசைப்பிடிப்பும் வரும். அது சில நாள் கழித்து மீண்டும் தோன்றுவதும் உண்டு. ஆயினும் டரான்டுலாவின் நஞ்சால் மனிதர் இறந்தார் என்று உறுதிசெய்யப்பட்ட மருத்துவப் பதிவு இல்லை. மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தியைக் கையில் ஏந்திய படத்தைப் பார்த்து, நம் நாட்டு மரச்சிலந்தியையும் அவ்வாறே ஏந்தலாம் என்று எண்ணுவது பேதைமை.

கையில் ஏந்துவதால் தீங்கு மனிதனுக்கு மட்டுமன்று. டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல் போர்த்த பை போன்றது. மார்பளவு உயரத்திலிருந்து தரையில் விழுந்தாலும் அது வெடித்து உயிர் போகக்கூடும். அஞ்சி ஓடும் சிலந்தியும் திடுக்கிட்டு உதறும் கையும் சேர்ந்தால் விளைவு அதுவே. எனவே அனுபவமுள்ள வளர்ப்போர் அதைத் தொடுவதில்லை. கண்ணால் மட்டுமே காண்கின்றனர்.

தோலுரித்தல் அதன் வாழ்வின் பெருநிகழ்ச்சி. அந்நாள் நெருங்கும்போது அது உணவை மறுக்கும். சில இனங்கள் மாதக்கணக்கில் உண்ணா. பின்னர் மல்லாந்து படுத்துக் கால்களை மடக்கிக்கொண்டு, பழைய தோலிலிருந்து தன்னை உருவிக்கொள்ளும். அறியாதவர் இறந்ததென்று எண்ணி அதைத் தூக்கியெறிந்ததும் உண்டு. உயிரூட்டுவதாக எண்ணி நிமிர்த்திக் கொன்றதும் உண்டு. புதுத்தோலும் புதுப்பல்லும் கெட்டிப்பட நாளாகும். அதற்குமுன் பெட்டியில் விட்ட சில்வண்டு ஒன்றே அதைக் கடித்து ஊனப்படுத்தப் போதும். வேட்டையாடும் உயிர் தன் இரைக்கே அஞ்சியிருக்கும் அந்நாட்களில் வளர்ப்பவர் செய்யவேண்டியது, தண்ணீர்த் தட்டை நிரப்பிவிட்டு விலகியிருப்பது ஒன்றே.

பெண் சிலந்தி நெடுநாள் வாழ்வது. சில இனங்களில் 20 ஆண்டுகளையும் கடக்கும். ஆண் பருவமெய்தியபின் ஓரிரு ஆண்டுகளில் மாளும். ஆகவே ஓர் இளைஞன் விளையாட்டாக வாங்கும் குஞ்சு, அவன் மணமுடித்து மக்களைப் பெற்ற பின்னும் பெட்டியில் இருக்கக்கூடும். இதை எண்ணி வாங்குவோர் சிலரே.

தமிழ்நாட்டில் இவ்வார்வம் எவ்வழியில் வருகிறது என்பதற்கு 2021 ஜூலையில் நடந்த நிகழ்ச்சி சான்று. போலந்திலிருந்து அஞ்சல் வழியாக, அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பொட்டலத்தைச் சென்னை விமானச் சுங்கத் துறையினர் பிரித்தனர். தெர்மோகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள சிலந்தி. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தினரும் பார்த்து, அவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த, பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் காவலுக்குட்பட்ட இனங்கள் என்று கருதினர். இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லாமையால், வந்த நாட்டிற்கே திருப்பியனுப்பப் பரிந்துரைக்கப்பட்டது. விரலளவுக் குப்பிக்குள் கண்டம் கடந்த அவ்வுயிர்கள், அதே குப்பிக்குள் மீண்டும் கடல் கடக்கவேண்டியதாயிற்று.

சட்டமும் இன்று முன்போல் இல்லை. சிவப்பு முட்டிச் சிலந்தி 1985-இலேயே பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. பொய்சிலோதேரியா பேரினம் முழுவதும் 2019-இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்மொழிந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்வழி அவ்வுடன்படிக்கையின் பட்டியல் உயிர்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. அவ்வுயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற விதிகள் 2024-இல் வெளியாயின.

கவிஞர் அவையில் ஒரு புராணத்தை நினைவூட்டுதல் பொருந்தும். திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியிலிருந்த இறைவன்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி நூற்பந்தல் இட்டது. வழிபட வந்த யானை அதை அழுக்கென்று கருதித் துடைத்தது. மீண்டும் இட்டது; மீண்டும் துடைத்தது. அதன் பிறகே சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடித்தது. இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை புகாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அக்கதையைக் கட்டியவர் சிலந்தியின் இயல்பைக் கண்டவர். கடி அங்கே முதலில் வரவில்லை. வீடு கலைந்த பின்னரே வருகிறது. யானையும் தீயதன்று, பிறிதோர் உயிரின் உழைப்பை அது அழுக்கென்று கண்டதே பிழை.

அண்ணாமலையைச் சூழ்ந்தோருக்கு இது தொலைவான செய்தியன்று. மொட்டையாய்க் கிடந்த மலைச்சரிவில் 1980-களிலிருந்து அன்பர் பலர் மரம் நட்டனர். கோடைதோறும் எழும் காட்டுத்தீயை அணைத்துக் காத்து வருகின்றனர். ஆயினும் முப்பதாண்டு மரம் நிழல் தருமேயன்றிப் பொந்து தருவதரிது. கிளை முறிந்து, உள்மரம் உளுத்து, பொந்து விழ நெடுங்காலம் வேண்டும். புளியும் ஆலும் இலுப்பையும் முதிர்ந்தாலன்றி மரச்சிலந்திக்கும் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடில்லை. 2016-இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடைத்தடை விதித்தது. அன்று பேசப்பட்டது நிழலைப் பற்றி. மரம் ஒன்று சாயும்போது அதன் பொந்தும் சாய்கிறது என்பதை அவ்வழக்கோடு சேர்த்து எண்ணவேண்டும்.

எனவே வளர்ப்போர்க்கும் வளர்க்காதோர்க்கும் கடமை ஒன்றே. காட்டிலிருந்து பிடித்ததையும் கள்ளவழியில் வந்ததையும் வாங்காதிருத்தல் வேண்டும். முறையாக வைத்திருப்போர் ஒதுங்க ஒரு பொந்தும், குடிக்க நீரும், கலையாத அமைதியும் அதற்குத் தருதல் வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் ஒரு மயிர்ச் சிலந்தி வந்து நின்றால், விளக்குமாற்றைத் தேடவேண்டா. வாயகன்ற ஒரு பாத்திரத்தை மெல்லக் கவிழ்த்து, அட்டை ஒன்றை அடியில் செருகி, முதிர்ந்த மரத்தடியில் கொண்டுபோய் விட்டால் போதும். அது நன்றி சொல்லாது, திரும்பியும் பாராது. மரத்தின்மேல் ஏறி, இருள் நிறைந்த ஓரிடத்தைத் தேடிக்கொள்ளும்.